கலங்கல் இருக்கு, பிளாஸ்மிட் இல்லை

முறிகண்டி:
கிளிநொச்சியில் கரண்ட் நிண்ட இரவுக் கல்ச்சர். டி.எச்.5 ஆல்பா எண்ட ஈ.கோலை பற்றீரியாவில் பி.யூ.சி 19 எண்ட பிளாஸ்மிட் (கலத்துக்குள்ள தனியாப் பெருகிற சின்ன டி.என்.ஏ வட்டம்), ஷேக்கர் ஓடாமல் 30 பாகையில் விடியும்வரை கிடந்தது. காலையில் நல்ல கலங்கல். 3 மி.லி. எடுத்து மினிபிரெப் (கலத்தை உடைச்சு பிளாஸ்மிட்டைப் பிரிக்கிறது), 50 மை.லி.யில் இறக்கி 5 மை.லி. ஜெல்லில். பக்கத்து லேனில் 37இல் வளர்த்தது பளீரெண்டு எரியுது. இது மூக்கை ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும். கலம் குறையேல்லை, கலத்துக்கு எத்தினை பிளாஸ்மிட் எண்ட பிரதி எண்ணிக்கைதான் விழுந்தது. பிளாஸ்மிட் பெருகத் தொடங்கத் தேவையான ஆர்.என்.ஏ இரண்டில் ஜி எண்ட ஒரு எழுத்து ஏயாக மாறின விகாரம் 37இல்தான் வேலை செய்யும், 30இல் அடங்கிப்போகும்.

கனகராயன்:
ஒற்றை எழுத்துக்கே முழுப் புகழையும் குடுக்காதீங்கோ. பி.பி.ஆர் 322 எண்ட பழைய பிளாஸ்மிட்டில் ரொப் இருக்கு, 63 அமினோவமிலப் புரதம். பெருக்கத்தைத் தடுக்கிற ஆர்.என்.ஏ ஒன்றை ஆர்.என்.ஏ இரண்டோட ஒட்ட வைக்கும். ஒட்டினால் பிறைமர் (டி.என்.ஏ நகல் தொடங்கிற துண்டு) உருவாகாது, 15-20 பிரதியோட நிக்கும். பி.யூ.சியில் ரொப்பும் இல்லை. வேறொரு பிளாஸ்மிட்டால ரொப்பைக் குடுத்துப் பாருங்கோ, அந்த விகாரமும் படுத்திடும். அதோட, ஷேக்கர் நிண்டால் காற்றும் இல்லை. ஓ.டி. (கலங்கலைக் கருவியால அளந்த எண்) பார்த்தனீங்களோ? கண்ணால பார்த்த கலங்கல் கணக்கில்லை.

வீரைப்பழம்:
பிளாஸ்மிட்டையே ஏன் பிடிச்சுத் தொங்குறீங்கள்? இங்க ஒண்டு, ஓரி (பெருக்கம் தொடங்கிற பகுதி) முழுக்க எழுத்து வரிசை வாசிச்சும் சுத்தம், ஆனா விளைச்சல் அடியில. பி.சி.என்.பி மரபணுவில் விகாரமுள்ள கலம் அது. அந்த மரபணு தாற, ஆர்.என்.ஏக்குப் பொலி ஏ வால் போடுற நொதியம் இல்லாட்டில் ஆர்.என்.ஏ ஒன்று மெதுவாத்தான் சிதையும், தேங்கி நிண்டு பெருக்கத்தை அமுக்கும்.
கேட்காட்டிலும் சொல்லுறன். விளைச்சல் விழுந்தால் முதலில் பிளாஸ்மிட்டைப் புதுக் கலத்துக்கு மாத்துங்கோ. குறைவு கூடவே வந்தால் பிளாஸ்மிட்டில் பிழை, வராட்டில் பழைய கலத்தில். வாசிக்கக் குடுக்கேக்க செருகின துண்டை மட்டும் குடுக்காதேங்கோ, ஓரியையும் சேருங்கோ. செருகினது கலத்துக்கு நஞ்செண்டால் பிரதி குறைஞ்ச விகாரிதான் தட்டில் பெருத்த கொலனியாய்ச் சிரிக்கும், கையும் அதுக்குத்தான் போகும். அம்பிசிலின் 100 மை.கி./மி.லி. போட்டாலும் பழைய ஊடகத்தில் சேர்ந்த பீற்றா லக்டமேசு நொதியம் அதைத் தின்னும், பிளாஸ்மிட் இல்லாததும் வளரும். அதால சுழற்றி, ஊடகத்தை ஊத்திவிட்டுப் புதுசில் கரைச்சுத்தான் அடுத்த கல்ச்சருக்கு விடவேணும். ஒப்பிடேக்க மி.லி. கணக்கு வேண்டாம், ஒரே ஓ.டி. அளவு கலம் எடுங்கோ. மினிபிரெப்பில் கலத்தை உடைக்கிற என்.ஏ.ஓ.எச் கட்டம் 5 நிமிசம் தாண்டக்கூடாது. தாண்டினால் குரோமோசோம் டி.என்.ஏயும் வந்து கணக்கைக் கூட்டும்.

முறிகண்டி:
கனகராயன், இப்பதான் குறிப்பைப் பார்த்தது. 10 மடங்கு ஐதாக்கி 600 நானோமீற்றரில் ஓ.டி. 0.14, 37இல் வளர்த்தது 0.34. கலமும் பாதிக்குக் கீழதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா ஜெல்லில் கோடு பாதியில்லை, பத்திலொண்டும் தேறாது.