பல லீடுகளில் எஸ்டி உயர்வு: மாரடைப்பா, இதய உறை அழற்சியா?

கேள்வி – அவசரப் பிரிவுச் செவிலியர்

வணக்கம். நெஞ்சு வலியோடு வந்த 28 வயது இளைஞர் ஒருவருக்கு எடுத்த 12 லீட் ஈசிஜியில் (லீட் என்பது இதயத்தின் மின்னோட்டத்தை ஒரு கோணத்திலிருந்து பார்க்கும் பதிவு) முதல் லீட், இரண்டாவது லீட், ஏவிஎஃப், வி2 முதல் வி6 வரை எல்லாவற்றிலும் எஸ்டி பகுதி (கீழறைகளின் கூர்அலைக்கும் அதன்பின் வரும் டி அலைக்கும் இடைப்பட்ட கோடு) 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருந்தது. கருவி தாளின் மேற்பகுதியில் மாரடைப்பு என்றே அச்சிட்டிருந்தது. பணியிலிருந்த மருத்துவரோ ஏவிஎல், ஏவிஆர் இரண்டையும் உற்றுப் பார்த்துவிட்டு, பெரிகார்டைட்டிஸ் எனப்படும் இதய உறை அழற்சியாக இருக்கலாம் என்றார். பின்னர் செய்த பரிசோதனைகளில் அதுவே உறுதியானது. அத்தனை லீடுகளில் உயர்வு இருக்கும்போது, அந்த இரண்டில் அவர் எதைத் தேடியிருப்பார்? எஸ்டியின் வளைவை வைத்தே பிரித்துவிடலாம் என்று படித்திருக்கிறேன். அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில் 1 – இதயநோய் மருத்துவர்

நல்ல கேள்வி, சகோதரி. வளைவை மட்டும் நம்ப வேண்டாம். மேல்நோக்கிக் குவிந்த உயர்வு மாரடைப்பின் பக்கம் பலமாகச் சாய்கிறது என்பது சரிதான். ஆனால் உட்குழிந்த வளைவு இருப்பதால் மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. முன்சுவர் மாரடைப்பின் தொடக்க நேரத்தில் அவ்வகை வளைவு அடிக்கடி காணப்படுகிறது.

முதலில் கேட்க வேண்டியது, இந்த உயர்வு ஒரு தமனியின் எல்லைக்குள் அடங்குகிறதா என்பதே. வலது கரோனரி தமனி அடைபட்டால் இரண்டாவது, மூன்றாவது லீடுகளும் ஏவிஎஃப்பும் உயரும். இடது முன் இறங்கு தமனி அடைபட்டால் பெரும்பாலும் வி1 முதல் வி4 வரை உயரும். இதய உறையோ இதயம் முழுவதையும் சுற்றியிருப்பதால், அதன் அழற்சி தமனிகளின் எல்லைகளை மதிப்பதில்லை.

அடுத்தது எதிர்முக மாற்றம், அதாவது ஒரு பக்கத்தில் எஸ்டி உயரும்போது எதிர்ப்பக்க லீடில் அது தாழ்வது. மூன்றாவது லீட் +120 பாகையிலும் ஏவிஎல் −30 பாகையிலும் இதயத்தைப் பார்க்கின்றன; இரண்டுக்கும் இடையே 150 பாகை இருப்பதால், கீழ்ச்சுவரில் எழும் உயர்வு ஏவிஎல்லில் தாழ்வாகத் தெரியும். பல வேளைகளில் மூன்றாவது லீடில் உயர்வு தெளிவாவதற்கு முன்பே ஏவிஎல்லில் அந்தத் தாழ்வு வந்துவிடுகிறது. அதனால்தான் உங்கள் மருத்துவர் அங்கே பார்த்திருப்பார். இதய உறை அழற்சியில் எஸ்டி தாழ்வு பொதுவாக ஏவிஆரிலும், சிலருக்கு வி1-லும் மட்டுமே இருக்கும். மூன்றாவது லீடின் உயர்வு இரண்டாவதைவிட அதிகமாக இருந்தாலும் அழற்சி என்ற முடிவைத் தள்ளி வையுங்கள்.

பதில் 2 – ஈசிஜி தொழில்நுட்பர்

மருத்துவர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வலி நீடிக்கும் நோயாளிக்கு ஒரே ஒரு ஈசிஜி போதாது. 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மீண்டும் எடுத்து அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மாரடைப்பில் சில நிமிடங்களிலேயே படம் மாறிவிடலாம், அழற்சியில் மாற்றங்கள் நாட்கணக்கில் நகரும். ஆனால் மார்பு மின்முனைகள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருந்தால்தான் இந்த ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. ஆகவே முதல் முறையே தோலில் பேனாவால் குறியிட்டுவிடுங்கள். நோயாளியிடம் பழைய ஈசிஜி இருக்கிறதா என்று உறவினர்களைக் கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். நலமாயுள்ள இளைஞர்கள் சிலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, இயல்பாகவே சற்று உயர்ந்த எஸ்டி ஆண்டுக்கணக்கில் இருந்துவரும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பிஆர் பகுதியின் (மேலறைகளின் பி அலைக்கும் கீழறைகளின் கூர்அலைக்கும் இடைப்பட்ட கோடு) தாழ்வும் அழற்சியின் அடையாளம் என்கிறார்களே, அதை எந்தக் கோட்டிலிருந்து அளப்பது?

பதில் 3 – இதயநோய் மருத்துவர்

டி அலை முடிந்து அடுத்த பி அலை தொடங்கும் வரையுள்ள டிபி பகுதியே அடிக்கோடு. பிஆர் அதைவிடக் கீழே இருந்தால் தாழ்வு. ஏவிஆரில் அதுவே உயர்வாகத் தெரியும். அழற்சி மேலறைச் சுவரையும் தொடுவதால் இது உண்டாகிறது. நாடித் துடிப்பு மிக விரைவாக இருந்தால் டி அலையும் பி அலையும் ஒட்டிக்கொண்டு அடிக்கோடே மறைந்துவிடும். அப்போது இந்த அடையாளத்தைத் தேடிப் பயனில்லை. மேலும், சிறிய பிஆர் தாழ்வு மாரடைப்பிலும் வரக்கூடும் என்பதால், எதிர்முக மாற்றம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இதற்கு வர வேண்டும்.

மல்லாந்து படுத்தால் வலி கூடுகிறதா, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைகிறதா, மூச்சை ஆழமாக இழுத்தால் குத்துகிறதா என்றும் கேளுங்கள். இதயத் தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கூடும் டிரோபோனின் என்ற புரதம் உயர்ந்திருப்பது மட்டும் இரண்டையும் பிரித்துவிடாது. அழற்சி இதயத் தசைக்குப் பரவினாலும் அது உயரும். ஏவிஆர், வி1 தவிர வேறெந்த லீடிலாவது எஸ்டி தாழ்ந்திருந்தால், நோயாளியின் வயது 28 ஆனாலும் மாரடைப்பாகவே கருதி உடனே இதயநோய்ப் பிரிவை அழையுங்கள்.