சர்வர் ரூட் பாஸ்வேர்ட் மறந்து மாட்டிக்கிட்டவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

போன வாரம் எனக்கு நடந்தத முதல்ல சொல்லிடறேன். எங்க ஆபீஸ்ல பழைய சென்ட்ஓஎஸ் 7 (லினக்ஸ்ல ஒரு வகை) சர்வர் ஒண்ணு ஃபைல் சர்வரா ஓடிட்டு இருக்கு, ரெண்டு வருஷமா யாரும் அதுல ரூட்டா, அதாவது எல்லா அதிகாரமும் இருக்கிற அக்கவுண்ட்ல, லாகின் பண்ணதே இல்ல, பாஸ்வேர்ட் வச்சது நான்தான், எவ்ளோ யோசிச்சும் ஞாபகம் வரல. சூடோ, அதாவது ரூட் வேலைய செய்ய அனுமதி, இருக்கிற வேற யூசர் ஒருத்தர் இருந்திருந்தா அது வழியா ரூட் பாஸ்வேர்ட மாத்தி ஒரு நிமிஷத்துல முடிச்சிருக்கலாம், அதுவும் இல்ல. மேனேஜர்கிட்ட மெயில்ல பெர்மிஷன் வாங்கிட்டு ராத்திரி டவுன்டைம் எடுத்தேன்.

வழி நிறைய பேருக்கு தெரிஞ்சதுதான். சர்வர் ஆன் ஆகும்போது கிரப்ங்கிற பூட் மெனு வரும்ல, அப்ப 'இ' அழுத்தி, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசில ஆர்டி.பிரேக்னு சேர்த்துட்டு கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தணும், பூட் பாதில நின்னு ஒரு ரெஸ்க்யூ ஷெல் வரும். உள்ள போனா நிஜமான ரூட் ஃபைல்சிஸ்டம் சிஸ்ரூட்ங்கிற இடத்துல ரீட்-ஒன்லியா மவுண்ட் ஆகி இருக்கும், அத ரீட்-ரைட்டா மறுபடி மவுண்ட் பண்ணி, சிஎச்ரூட் பண்ணி (அந்த ஃபைல்சிஸ்டத்துக்குள்ள போய்), புது பாஸ்வேர்ட் போடணும். ரீட்-ரைட் ஆக்காம போட்டா 'ஆதென்டிகேஷன் டோக்கன் மேனிபுலேஷன் எரர்'னு வரும், அத பாத்து குழம்பாதீங்க, டிஸ்க்ல எழுத முடியல, அவ்ளோதான்.

இதெல்லாம் சரியா பண்ணேன். ஆனா ஸ்லாஷ்ல, அதாவது மேல்மட்ட ஃபோல்டர்ல, டாட் ஆட்டோரீலேபல்னு ஒரு காலி ஃபைல் உருவாக்கணும்ல, அத விட்டுட்டேன். ரீபூட் ஆகி வந்தா புது பாஸ்வேர்டும் எடுக்கல. கை நடுங்கிருச்சு, மூணு தடவ மாத்தி மாத்தி அடிச்சு பாத்தேன். காரணம் என்னன்னா அந்த ரெஸ்க்யூ நிலைமைல எஸ்இலினக்ஸ் (எந்த ப்ராசஸ் எந்த ஃபைல தொடலாம்னு ஃபைலோட லேபல பாத்து முடிவு பண்ற பாதுகாப்பு) பாலிசி லோட் ஆகி இருக்காது, அங்க பாஸ்வேர்ட் மாத்தும்போது, பாஸ்வேர்ட் விவரம் இருக்கிற ஷேடோ ஃபைல் புதுசா எழுதப்படுது, அதுக்கு சரியான லேபல் இருக்காது, அதனால பாஸ்வேர்ட் சரியா இருந்தும் லாகின் ப்ராசஸால அந்த ஃபைல படிக்க முடியாது. மறுபடி கிரப் போய், எஸ்இலினக்ஸ் தடுக்காம இருக்க என்ஃபோர்சிங்=0 போட்டு பூட் பண்ணி, உள்ள நுழைஞ்சு, ஷேடோ ஃபைலுக்கு மட்டும் லேபல சரி பண்ற ரெஸ்டோர்கான் கமாண்ட் அடிச்சேன், சரியாயிருச்சு. ஒரு விதத்துல இதுவே நல்ல வழினு இப்ப தோணுது, ஏன்னா ஆட்டோரீலேபல் டிஸ்க்ல இருக்கிற எல்லா ஃபைலயும் தொடும், லட்சக்கணக்குல சின்ன சின்ன ஃபைல் இருக்கிற சர்வர்ல அது முடியற வரைக்கும் காத்துட்டே இருக்கணும்.

•

அண்ணா, எனக்கு நடந்தது வேற மாதிரி. பாஸ்வேர்ட் மறக்கவே இல்ல, ஆனா எடுக்கல. ரிமோட் கன்சோல்ல அடிச்சுட்டு இருந்தேன், சர்வர்ல யூகே கீபோர்ட் லேஅவுட், என்கிட்ட யூஎஸ். அந்த ரெண்டுலயும் அட் குறியும் டபுள் கோட்டும் இடம் மாறி இருக்கும், என் பாஸ்வேர்ட்ல அட் இருந்துச்சு. ரீசெட் பண்ண கிளம்புறதுக்கு முன்னாடி யூசர்நேம் கேக்கிற இடத்துல பாஸ்வேர்ட அடிச்சு பாருங்க, என்ன எழுத்து விழுதுன்னு கண்ணால தெரியும். பாத்துட்டு என்டர் அடிக்காம அழிச்சிடுங்க, அடிச்சா லாக்ல போய் உக்காந்துக்கும்.

•

நான் விண்டோஸ் பக்கம். டொமைன் கன்ட்ரோலர்ல, அதாவது ஆபீஸ் அக்கவுண்ட் எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சு பாக்கிற சர்வர்ல, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் தெரியல. லோக்கல் பாஸ்வேர்ட் மாத்துற பூட் டூல்லாம் அங்க உதவாது, டொமைன் அக்கவுண்ட் எல்லாம் ஆக்டிவ் டைரக்டரி டேட்டாபேஸ்ல இருக்கு. நல்ல வேளை இன்னொரு டொமைன் அட்மின் லீவுல இருந்தவர் ஃபோன் எடுத்தார், அவர் ரீசெட் பண்ணி குடுத்தார், அஞ்சு நிமிஷம். வேதனை அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சது. அந்த அக்கவுண்ட்ட எத்தனையோ சர்வீஸ்லயும் ஷெட்யூல் டாஸ்க்லயும் யாரோ போட்டு வச்சிருக்காங்க, எல்லாம் பழைய பாஸ்வேர்டோட முட்டிட்டே இருந்துச்சு, பேக்கப் நின்னுபோச்சு. எங்கெங்க இருக்குன்னு தேடி தேடி மாத்தினேன். சாதா யூசர் அக்கவுண்ட் இப்படி லாக் ஆகுதுன்னா செக்யூரிட்டி லாக்ல ஈவென்ட் 4740 பாருங்க, எந்த மெஷின்ல இருந்து வருதுன்னு பேரு இருக்கும். சர்வீஸுக்கு மனுஷங்க அக்கவுண்ட்ட குடுக்கிறத தயவுசெஞ்சு நிறுத்துங்க.

•

எல்லாரும் ரீபூட், ரீபூட்னு சொல்றீங்க, எனக்கு பயமா இருக்கு. டிஸ்க் என்க்ரிப்ட் ஆகி இருக்கான்னு பாக்காம ரீபூட் பண்ணிடாதீங்க ப்ரோ. எங்க சர்வர்ல லக்ஸ்ங்கிற லினக்ஸ் டிஸ்க் என்க்ரிப்ஷன் போட்டிருந்துச்சு, அந்த பாஸ்ஃபிரேஸ் எழுதி வச்ச இடம் யாருக்கும் தெரியல. சர்வர் ஓடிட்டு இருந்துச்சு, ஒரு ரூட் செஷனும் திறந்தே இருந்துச்சு. ஒரு தடவ ஆஃப் பண்ணியிருந்தா மொத்த டேட்டாவும் போயிருக்கும், லக்ஸுக்கு பின்வாசல் கிடையாது. முதல்ல டேட்டாவ எல்லாம் வேற இடத்துக்கு காப்பி எடுத்தோம். அப்புறம் அது பழைய லக்ஸ் 1 ங்கிறதால டிஎம்செட்டப் டேபிள் கமாண்ட்ல ஷோகீஸ் ஆப்ஷன் போட்டு மெமரில இருந்த மாஸ்டர் கீய எடுத்து, பைனரி ஃபைலா மாத்தி, அத வச்சு காலியா இருந்த கீ ஸ்லாட்ல (ஒரு பாஸ்ஃபிரேஸுக்கான இடம்) புது பாஸ்ஃபிரேஸ் சேர்த்தோம். லக்ஸ் 1ல மொத்தம் 8 ஸ்லாட் உண்டு. லக்ஸ் 2ல கீ கெர்னல் கீரிங் உள்ள இருக்கும், இப்படி சுலபமா வெளிய வராது.

•

இத படிச்சுட்டு மனசு கேக்கல ப்ரோ, எழுந்து போய் எங்க பேக்கப் சர்வர பாத்தேன். லக்ஸ்தான். லக்ஸ கையாள்ற கிரிப்ட்செட்டப் கமாண்ட்ல டெஸ்ட் பாஸ்ஃபிரேஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கே, ரீபூட் இல்லாம டைப் பண்ணி பாத்தேன், எடுத்துச்சு. கீ ஸ்லாட் எல்லாம் இருக்கிற லக்ஸ் ஹெடரோட பேக்கப்பும் எடுத்து வேற மெஷின்ல போட்டாச்சு.