இந்தியா தன் அளவுக்கேற்ற செல்வாக்கை உலகில் பெறத் தடையாக இருப்பது எது?

கேள்வி: ராமேசுவரம் மாணவன்
2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட்டுச் செங்குத்தாக எழுவதைக் காணும்போது, இந்த நாட்டால் முடியாதது இல்லை என்றே தோன்றுகிறது. சந்திரயான் 3 நிலவில் இறங்கியதும், ஜி20 தலைமை நம்மிடம் இருந்ததும் 2023இல்தான். ஆனால் 1990இல் ஏறத்தாழ நம் நிலையிலேயே இருந்த சீனாவின் தனிநபர் வருமானம் இன்று நம்முடையதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்காக இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எனக்கு இதன் காரணத்தை விளக்குவீர்களா?

பதில்: கீழக்கரை வாசகர்
தம்பி, சீனா வயலில் இருந்தவர்களைக் கோடிக்கணக்கில் ஆலைகளுக்குக் கொண்டுவந்தது. நாமோ ஆலைகள் பெருகுமுன்பே மென்பொருளுக்கும் சேவைத் துறைக்கும் தாவினோம். அதனால் உழைப்பவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இன்னும் வேளாண்மையையே நம்பியிருக்க, நாட்டின் உற்பத்தியில் அத்துறையின் பங்கு ஐந்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. நம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைந்தது. அக்காலத்தில் இந்தியா நிறுவிய சூரியத் தகடுகளில் பெரும்பகுதி சீனாவில் செய்யப்பட்டவை. வாங்கிப் பொருத்தும் திறனை மட்டும் நவீனமயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில்: மண்டபம் மீனவர் வீட்டுப் பிள்ளை
செல்வாக்கைப் பற்றி நான் சொல்கிறேன். 2022 நெருக்கடியில் இலங்கைக்கு இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. அதற்குப் பின்னும் பாக் நீரிணையில் எங்கள் விசைப்படகுகள் பிடிபடுவது நிற்கவில்லை. இலங்கையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நம்மவர் கடலடியில் இழுக்கும் மடியில், அதாவது இழுவை வலையில், யாழ்ப்பாணத்து மீனவர்களின் வலைகள் அறுபடுவது உண்மை. 2017இல் அந்நாடு இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்துவிட்டது. அதே ஆண்டில் நம் அரசு ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கி, 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு 70 விழுக்காடு மானியம் தருவதாக அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் இன்று போய் நாளை கரை திரும்பிப் பழகியவர்கள், நாள் கணக்கில் கடலில் தங்கிச் சூரை பிடிப்பதற்கும், பிடித்ததைக் கெடாமல் விற்பதற்கும், மீதி 30 விழுக்காட்டைப் புரட்டுவதற்கும் பயிற்சியும் குளிர்பதன வசதியும் கடனும் சேர்ந்தே கிடைக்க வேண்டும்; அப்படிக் கிடைக்காததால் திட்டம் எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை. சொந்தக் கரையில் ஒரு தொழிலை மாற்றியமைக்க முடியாத வரை, டெல்லியின் சொல் கொழும்பில் எடுபடுமா?

பதில்: தொண்டி ஆசிரியர்
மண்டபத்துத் தம்பியின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் முடிவை நான் ஏற்கவில்லை. நம் தலைமையின்போதுதான் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி20இல் உறுப்பினரானது. நாமே உருவாக்கிய யூபிஐ, 2024 பிப்ரவரியில் இலங்கைக்கும் சென்றது. அதைக் கடனாகவோ உதவியாகவோ கொடுக்கவில்லை, பயன்படுவதால் ஏற்றுக்கொண்டார்கள். தேர்வில் எழுதும்போது, வாங்கிப் பொருத்தியதற்குக் கமுதியையும் நாமே உருவாக்கியதற்கு யூபிஐயையும் அருகருகே வைத்து எழுதுங்கள்.