போர்க்காலப் பிரௌனிங் கைத்துப்பாக்கி: வாங்கலாமா?

கேள்வி (தேவகோட்டை):
வணக்கம். கைத்துப்பாக்கி உரிமம் என்னிடம் உள்ளது. கானாடுகாத்தானில் உரிமம் உள்ள பெரியவர் ஒருவர், பெல்ஜியத்தின் எஃப்.என். ஆயுத ஆலையில் செய்த 1922 மாடல் பிரௌனிங்கை விற்க முன்வந்திருக்கிறார். ஸ்லைடில் (சுடும்போது பின்னுக்கு நகரும் மேல்பகுதியில்) சிறிய கழுகு முத்திரை இருக்கிறது. 1942-இல் தம் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது என்கிறார். விலை அதிகம், எதைப் பார்த்து முடிவெடுப்பது?

மறுமொழி (காரைக்குடி):
அந்தக் கழுகு, ஜெர்மானியப் படை 1940 மே மாதத்தில் பெல்ஜியத்தைப் பிடித்த பின் அந்த ஆலையில் செய்தவற்றில் படை சோதித்து ஏற்றதற்கு அடையாளமாகக் குத்தப்பட்ட முத்திரை. அப்படியொரு துப்பாக்கி, ஜப்பானியப் படையெடுப்பால் நம்மவர்கள் பர்மாவிலிருந்து கப்பலிலும் நடந்தும் திரும்பிய 1942-க்குள் ரங்கூனுக்கு எப்படி வந்திருக்கும்? துப்பாக்கி அசலாகவே இருக்கலாம். கதைக்கு மட்டும் பணம் கொடுத்துவிடாதீர்கள். மேகசினை (தோட்டாக் கூட்டை) கழற்றி, குழல் காலி என்று உறுதி செய்தபின், குழலின் உட்புற வரிப்பள்ளங்கள் தேயாமல் உள்ளனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். முத்திரையின் ஓரங்கள் மழுங்கியிருந்தால், பிற்காலத்தில் தேய்த்து மறுபடி நீலப்பூச்சு (துரு தடுக்கும் கருநீல மேற்பூச்சு) ஏற்றியிருக்கலாம்.

மறுமொழி (சிவகங்கை):
முதலில் குழலளவைப் பாருங்கள், ஐயா. இந்த மாடல் .32 என்ற 7.65 மி.மீ. அளவிலும், 9 மி.மீ. குறுந்தோட்டா அளவிலும் வந்தது, 9 மி.மீ. என்றால் அது நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட அளவா என்று முதலில் கேட்டறியுங்கள். மேலும், விற்பவர் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள்கள் கழிந்த பின்னரே கைமாற்ற முடியும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. குழலில் 7.65 என்றே இருக்கிறது. கழுகின் ஒரு சிறகு பாதி அழிந்திருப்பதை இப்போதுதான் கவனித்தேன்; விலையைப் பேசிக் குறைக்கப் போகிறேன்.