கிண்டிப் பூங்காவுக்கு 100 ரூபாயா?

நடைப்பயிற்சி65: சென்னை கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தில் வரப்போகிற 118 ஏக்கர் பூங்கா முப்பது வருடம் நிலைக்க வேண்டுமானால் 100 ரூபாய் டிக்கெட் போட வேண்டும் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கூலி வேலை செய்கிறவர் பிள்ளைகளை எப்படிக் கூட்டிப் போவார்?

செடிக்காரன்: எழுதியது நான்தான். கதீட்ரல் சாலை கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் 2024இல் திறந்தபோதே பெரியவர்களுக்கு 100 ரூபாய். ஜனங்கள் போகாமலா இருந்தார்கள்?

நடைப்பயிற்சி65: அது வெறும் 6 ஏக்கர், ஜிப்லைன் எல்லாம் வைத்த இடம். எதிரே செம்மொழிப் பூங்காவை 15 ரூபாயில் பல வருடம் ஓட்டினார்களே?

வேளச்சேரிவாசி: டிக்கெட் கிடக்கட்டும். மைதானத்தில் குளம் வெட்டியது மாநகராட்சி, பூங்கா தோட்டக்கலைத் துறைக்கு. பத்து வருடம் கழித்து தூர்வாரப்போவது யார்? 2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவன் கேட்கிறேன்.

செடிக்காரன்: தூர்வாரவும் காசு வேண்டும் சார். எங்கள் தெருப் பூங்கா இலவசம்தான். ஒரே ஒரு அம்மா, ஓட்டை விழுந்த ஹோஸில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டித் தண்ணீர் விடுகிறார். அரை மணி நேரத்தில் அவர் புடவைதான் நனைகிறது, செடி காய்கிறது. இருபது வருடம் நர்சரி நடத்தியவன் சொல்கிறேன், நடுவது சுலபம். மூன்றாவது கோடையில்தான் தெரியும். 100 ரூபாய் வேண்டும்.

நடைப்பயிற்சி65: அந்த அம்மாவுக்குப் புது ஹோஸ் வாங்கித் தர 100 ரூபாய் டிக்கெட்டா? அண்ணா நகர் டவர் பூங்கா 1968லிருந்து இருக்கிறது.

செடிக்காரன்: கோபுரம் 2011லிருந்து 2023 வரை பூட்டிக் கிடந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நடைப்பயிற்சி65: அங்கே உயிர்கள் போனதால் பூட்டினார்கள். காசில்லாமல் இல்லை. தெரியாமல் பேசாதீர்கள்.

செடிக்காரன்: போன வருடம் நாய் விவகாரத்திலும் என்னை இப்படித்தான் பேசினீர்கள். மறக்கவில்லை.

மழலைஅம்மா: அந்த நாய் என் மகளைத் துரத்தியது. அன்றைக்கு யார் பக்கம் பேசினீர்கள் அண்ணே?

செடிக்காரன்: கயிற்றோடு வந்த நாய் அது! சரி, அதை விடுங்கள். 100 ரூபாய். ஒரு பைசா குறையக் கூடாது.

நடைப்பயிற்சி65: 99 ரூபாய் என்றாலும் நான் வாசலில் நின்று சண்டை போடுவேன்.

வேளச்சேரிவாசி: குளத்தை யார் தூர்வாருவார்கள் என்று கேட்டேன்.