“மூணு மைல் தானே?”: யூட்டா, அரிசோனா செம்பாறைப் பாலையில் நடந்து வந்தவர்கள் சொன்னது

பாதிவழி:

ஜூன் கடைசியில் நான், மனைவி, ஒன்பது வயது மகன் மூவரும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மோவாப் ஊரில் மூன்று நாள் தங்கியிருந்தோம். ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் முதல் நாளே டெலிகேட் ஆர்ச் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். யூட்டா கார்களின் நம்பர் பிளேட்டில் இருக்கிறதே, அதே வளைவு. போக வர மூன்று மைல், ஏற்றம் 480 அடி என்று போட்டிருந்தது. வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் தினமும் மூன்று மைல் நடக்கிறவன் நான். ஆளுக்கு ஒரு அரை லிட்டர் பாட்டில் எடுத்துக்கொண்டு மாலை நாலு மணிக்குக் கிளம்பினோம்.

ஆரம்பம் ரொம்ப சாது. வுல்ஃப் என்பவர் நூறு வருஷத்துக்கு முன் குடியிருந்த மரக் குடிசை, ஒரு சின்னப் பாலம், பக்கத்துப் பாறையில் யூட் மக்கள் செதுக்கின குதிரைகள். மகன் குதிரைகளை எண்ணிக்கொண்டே வந்தான். அதற்கப்புறம் மண் பாதை முடிந்து வெறும் பாறைச் சரிவு வருகிறது பாருங்கள், அங்கேதான் விஷயம். மரம் கிடையாது, நிழல் கிடையாது. பகல் முழுக்கக் குடித்த வெயிலைப் பாறை நம் மேல் திருப்பித் துப்புகிறது. அனல் மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்றே தெரியவில்லை. சரிவின் பாதியில் மகனின் பாட்டில் காலி. என்னுடையதில் இரண்டு மடக்கு. அவன் முகம் சிவந்திருந்தது, ஆனால் வியர்வையே இல்லை. வியர்க்கிற வேகத்திலேயே காய்ந்துவிடுகிறது. அதனால் உடம்பு எவ்வளவு தண்ணீரை விட்டிருக்கிறது என்பது தெரிவதே இல்லை.

இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு வயதான தம்பதி நின்று, “தண்ணீர் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார்கள். நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் பையிலிருந்து முழு பாட்டில் ஒன்றை எடுத்து மகன் கையில் கொடுத்தார். அப்படியே திரும்பிவிட்டோம். மகன் கார் வரைக்கும் என்னிடம் பேசவில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு மறுபடி போனோம், இந்த முறை ஆளுக்கு இரண்டு லிட்டர். அதே சரிவு, அதே கால்கள், மூச்சே வாங்கவில்லை. கடைசி இருநூறு கஜம் பாறைச் சுவரை ஒட்டின ஒரு விளிம்பில் நடக்க வேண்டும். அதுவரை வளைவு கண்ணிலேயே படாது. திரும்பினால் பெரிய பாறைக் கிண்ணத்தின் உதட்டில் ஒற்றையாய் நிற்கிறது. மாலை வெளிச்சத்தில்தான் அழகு என்பார்கள். அங்கே மொத்தமே ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம், எனக்கு அது போதும்.

மகன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்பா, இது எப்போ விழும்?” என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

——

முட்டிவலி சங்கம்:

திரும்பி வந்தீங்களே, அதுவே பெரிசு. நான் போனது எழுபத்தொரு வயசு மாமியாரோட. முட்டி ரெண்டும் போச்சு, ஆனா “நான் கார்லயே இருக்கேன்”னு சொல்ற ரகம் இல்ல. அதனால ஏற்றமே இல்லாத இடமா தேடித் தேடிப் போனோம்.

அதே பூங்காவுல பேலன்ஸ்டு ராக்ங்கற பாறை கார்லேர்ந்தே தெரியும். சுத்தி வந்தா மூணில் ஒரு மைல்கூட வராது. டபுள் ஆர்ச் போக வர அரை மைலுக்குக் கொஞ்சம் மேல, முக்கால்வாசி சமதரை. கீழ போய் நின்னு அண்ணாந்து பார்த்தா ரெண்டு வளைவும் ஒரே பாறையிலேர்ந்து கிளம்பி ஆளுக்கொரு பக்கமா போகுது. மாமியார் அங்க போட்டிருந்த கல்லுல உக்காந்து முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவே இல்ல.

டெலிகேட் ஆர்ச்சுக்கு நடக்காமலே பார்க்க கீழ ஒரு வியூபாயிண்ட் இருக்கு, நூறு கஜம்தான். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, அங்கேர்ந்து வளைவு கட்டை விரல் நகம் அளவுதான். பைனாகுலர் இல்லாம போகாதீங்க. போட்டோவுல பார்த்த மாதிரி இருக்கும்னு கூட்டிட்டுப் போனா பெரியவங்க மனசு சங்கடப்படும், எங்க வீட்ல பட்டாங்க.

எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது யாரும் பெரிசா பேசாத சாண்ட் டியூன் ஆர்ச். செங்குத்தான ரெண்டு பாறைக்கு நடுவுல ஒடுங்கின சந்து, உள்ள முழுக்க மெத்து மெத்துன்னு மணல். வெளிய கொளுத்துது, உள்ள மணல் ஜில்லுனு இருக்கு! செருப்பைக் கழட்டிட்டு நடந்தோம். சாக்ஸ்ல ஏறின அந்தச் செம்மண் நிறம் நாலு தடவை துவைச்சும் போகல.

இன்னொண்ணு. அங்க இருக்கிற அண்டங்காக்கையைச் சாதாரணமா நினைக்காதீங்க. பார்க்கிங்ல பெஞ்சு மேல பையை வெச்சுட்டு ரெண்டடி தள்ளி நின்னேன். ஒண்ணு வந்து உக்காந்து, ஜிப்போட நாக்கை அலகால புடிச்சு இழுத்து, உள்ள இருந்த முந்திரி பாக்கெட்டை உருவிட்டுப் போச்சு. அவசரமே படல. மாமியார் சொன்னாங்க, “நம்மளவிட நல்லா பை திறக்குது.”

——

பாறைப்பித்தன்:

“இது எப்போ விழும்?” உங்கள் பையன் சரியான இடத்தில் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறான். தேதி யாராலும் சொல்ல முடியாது. விழும் என்பது மட்டும் நிச்சயம்.

அதே பூங்காவில் லேண்ட்ஸ்கேப் ஆர்ச் என்று ஒன்று. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி 306 அடி, ஆனால் நடுவில் நாடா மாதிரி மெலிந்திருக்கும். 1991 செப்டம்பரில் அதன் அடிப்பக்கத்திலிருந்து சுமார் 60 அடி நீளப் பாளம் பெயர்ந்து விழுந்தது. அப்போது அடியில் ஆட்கள் இருந்தார்கள். பாறை வெடிக்கிற சத்தம் கேட்டு ஓடித் தப்பினார்கள். அதற்குப் பிறகு அடியில் போகும் பாதையையே மூடிவிட்டார்கள். இப்போது எட்ட நின்றுதான் பார்க்க முடியும். அந்தப் பாதையிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளி வால் ஆர்ச் என்று ஒன்று இருந்தது. 2008 ஆகஸ்டில் ஒரு ராத்திரி, யாரும் பார்க்காமல், விழுந்துவிட்டது. நான் போனபோது பாறைக் குவியல்தான் கிடந்தது. புதிதாக உடைந்த முகம் எது, பழைய முகம் எது என்று நிறத்தை வைத்தே சொல்லலாம். பழையதில் கறுப்பாக ஒரு பூச்சு ஏறியிருக்கும். மாங்கனீசும் இரும்பும் களிமண்ணும் சேர்ந்து மிக மெதுவாகப் படிவது அது. உடைந்த இடம் பச்சைக் காயம் மாதிரி வெளிறி இருந்தது.

பையனுக்கு மீதியையும் சொல்லுங்கள். அந்த ஊருக்கு அடியில் தடிமனான உப்புப் படுகை இருக்கிறது, பழங்காலக் கடல் வற்றி விட்டுப்போனது. மேலே பாறையின் கனம் ஏற ஏற உப்பு பிதுங்கி நகர்ந்தது. மேலே இருந்த மணற்பாறை வரிவரியாக விரிசல் விட்டது. விரிசலில் தண்ணீர் இறங்கி அரித்து அரித்து, நடுவில் நின்றவை சுவர்களாயின. சுவரில் ஓட்டை விழுந்தால் வளைவு. பூங்காவுக்குள் இப்படி 2,000-க்கு மேல் இருக்கின்றன. சிவப்பு நிறம் ஒவ்வொரு மணல் துகளின் மேலும் படிந்த இரும்புத் துரு. சங்கத்து அக்காவின் சாக்ஸில் ஏறியதும் அதுதான்.

——

நாலு மணி அலாரம்:

கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் மேசா ஆர்ச் என்ற வளைவு. முக்கால் மைல்கூட இல்லாத நடை, ஆனால் இதற்காக நான் தூங்காமல் கிடந்த ராத்திரி இரண்டு. சூரியன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போனாலும் அங்கே ஏற்கெனவே இருபது கேமரா முக்காலிகள் நிற்கும். முழங்கையால் இடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். சூரியன் எழுந்ததும் கீழே உள்ள பள்ளத்தாக்குச் சுவரில் பட்டுத் தெறிக்கிற ஒளி வளைவின் அடிவயிற்றை நெருப்பு மாதிரி ஆக்கும். பத்து நிமிஷம் ஷட்டர் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. அப்புறம் எல்லோரும் காபி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். நான் சோம்பலில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த அரை மணி நேரம் அந்த இடம் எனக்கே எனக்கு. நிறமும் இன்னும் போகவில்லை. இரண்டாவது தடவை படமே எடுக்கவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது என் அசிங்கத்தை. முதல் தடவை, கோணம் தேடி பாதையை விட்டு நாலடி விலகினேன். காலுக்கடியில் கருகின பொருக்கு மாதிரி ஏதோ நொறுங்கியது, உறைந்த பனியை மிதித்தால் வருமே அந்தச் சத்தம். பின்னாலிருந்து பூங்காக் காவலர் (ரேஞ்சர்) குரல்: “அப்படியே நில்லுங்கள். வந்த காலடியிலேயே திரும்பி வாருங்கள்.” அது வெறும் மண் இல்லையாம், உயிர். கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசிகள் நூல் நூலாக ஓடி மணலைத் தைத்து வைத்திருக்கின்றன. அதனால்தான் காற்றில் மண் பறக்காமல், பெய்கிற கொஞ்ச மழை ஓடிவிடாமல் செடி முளைக்கிறது. ஒரு மிதி போதும்; பழையபடி ஆக வருஷக்கணக்காகும், சில இடங்களில் பல பத்தாண்டுகள். அவர் திட்டவில்லை, அபராதமும் போடவில்லை. குனிந்து என் காலடித் தடங்களை எண்ணினார்: “ஐந்து.” அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

——

ஒரு மணி நேரம் திருடு போனவன்:

எங்கள் கதையில் வெயிலும் இல்லை, பாறையும் இல்லை. கடிகாரம்.

கோடையில் யூட்டா ஒரு மணி நேரம் முன்னே போகும். அரிசோனா போகாது, அந்த மாநிலம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நேஷன், அதாவது நவஹோ பழங்குடியினரின் நிலம் மட்டும் யூட்டா மாதிரியே மாற்றிவைக்கும். அரிசோனா நேரத்தில் ஓடும் பேஜ் ஊரில் தங்கி காலையில் ஹார்ஸ்ஷூ பெண்ட் பார்த்தோம். (போக வர ஒன்றரை மைல், கொலராடோ ஆறு ஆயிரம் அடி கீழே லாடம் மாதிரி திரும்பும். பார்க்கிங்குக்கு பேஜ் நகராட்சி 10 டாலர் வாங்குகிறது, தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது.) பிறகு நிதானமாகச் சாப்பிட்டு நவஹோ நிலத்தில் இருக்கும் மான்யுமென்ட் வேலிக்கு வண்டியை விட்டோம். நாலு மணிக்கு ஜீப் சுற்றுக்கு முன்பதிவு. எங்கள் கணக்கில் மூன்றே முக்காலுக்குப் போய் இறங்கி, பெருமையாக நடந்தோம். அங்கே நாலே முக்கால். ஜீப் போய்விட்டது.

கவுன்டரில் இருந்த நவஹோ அம்மா எங்கள் முகத்தைப் பார்த்ததுமே, “பேஜிலிருந்தா?” என்று கேட்டார். தினமும் பார்ப்பார் போல. இரக்கப்பட்டு மறுநாள் காலைக்கு மாற்றிக் கொடுத்தார்.

ஜீப் போனதால் வேறொன்று கிடைத்தது. வழிகாட்டி இல்லாமல் நாமாக நடக்க அங்கே வைல்ட்கேட் ட்ரெயில் இருக்கிறது, வெஸ்ட் மிட்டன் குன்றைச் சுற்றி வரும். முழுதும் நடக்கப் பொழுதில்லை, கொஞ்ச தூரம் இறங்கினோம். வெயில் சாயச் சாய ஒரு குன்றின் நிழல் சமவெளியில் நீண்டு போய் அடுத்த குன்றின் மேல் ஏறியது. ஜீப்பில் இருந்திருந்தால் புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

பேஜில் தங்குகிறவர்கள் கைபேசி நேரத்தை நம்பாதீர்கள். எந்தக் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கிறதோ அதன் நேரத்துக்குத் தாவும். நேரத்தைக் கையால் பூட்டி வையுங்கள். முன்பதிவு செய்யும்போதே “எந்த ஊர் நேரம்?” என்று கேட்டுவிடுங்கள்.

——

புதுசு:

ஆகஸ்டில் பேஜ் பக்கத்து ஒடுக்கமான பாறைச் சந்து, ஆன்டிலோப் கேன்யன் போகலாமா? வானிலையில் வெயில் என்றுதான் காட்டுகிறது.

——

பாறைப்பித்தன்:

பேஜில் வெயில் அடித்தால் மட்டும் போதாது, நண்பரே. ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே மதியப் புயல் காலம். 1997 ஆகஸ்ட் 12 அன்று அதன் கீழ்ப் பகுதியான லோயர் ஆன்டிலோப்பில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி, மேல்நிலத்தில். பாறை தண்ணீரை உறிஞ்சாது; எல்லாம் ஓடி வந்து அந்த ஒடுக்கமான சந்தில்தான் இறங்க வேண்டும். இன்று நவஹோ வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. அவர்கள் சுற்றை ரத்து செய்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

——

உட்கார்ந்தே இறங்கியவள்:

அரிசோனாவின் செடோனா ஊரில் கதீட்ரல் ராக் என்ற பாறைக் குன்று. ஒரு வழி முக்கால் மைலுக்கும் குறைவு, ஆனால் அறுநூறு அடிக்கு மேல் ஏற்றம். நடுவில் பாறைப் பிளவு ஒன்று வரும், அங்கே நடை முடிந்து கைகால் ஏற்றம் ஆரம்பம். ஏறும்போது எனக்குப் பின்னால் வந்த பெண் “இடது காலை மேலே, இன்னும் மேலே” என்று சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்டாள். இறங்கும்போது அவள் இல்லை. உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினேன். பேன்ட் அன்றோடு சரி.

செடோனாவில் வழிகாட்டிக் கற்குவியல்களைக் கம்பிக் கூடைக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள், சட்டென்று கண்ணில் படும். யூட்டாவில் அப்படி இல்லை. நாலைந்து கல்லை அடுக்கி வைத்திருப்பதுதான் பாதை. அங்கே விளையாட்டுக்குச் சொந்தக் குவியல் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதை நம்பி ஒருவர் மொட்டைப் பாறையில் தப்பான பக்கம் போவார்.

——

பாதிவழி:

எல்லோருக்கும் நன்றி. பாறைப்பித்தன் எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். உப்புக் கதையில் அவனுக்கு அக்கறை இல்லை. வால் ஆர்ச் ராத்திரியில் விழுந்ததுதான் பிடித்திருக்கிறது. “யாரும் பார்க்கலைன்னா, சத்தம் கேட்டவங்ககூட இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

அக்டோபரில் மறுபடி போகிறோம், இந்த முறை என் அம்மாவும் வருகிறார். அக்கா, சாண்ட் டியூன் ஆர்ச்சுக்கு நீங்கள் எத்தனை மணிக்குப் போனீர்கள்? உள்ளே போகும் அந்தச் சந்து எவ்வளவு குறுகல், கைத்தடியோடு போக முடியுமா?