பொருள்: பியரில் ‘டிரை’ என்பதற்குத் தமிழ் – உலர் வேண்டாமே

> பியர் வகைகள் பற்றிய கட்டுரையில் ‘டிரை ஸ்டவுட்’ என்று வருகிறது (ஸ்டவுட் என்பது கறுப்பான ஒரு பியர் வகை). ‘உலர் ஸ்டவுட்’ சரியா? அல்லது ‘வறள்’ பொருந்துமா? குழுவினர் சொல்லுங்கள்.

அன்புள்ள ஐயா,

இரண்டும் வேண்டாம் என்பேன். உலர்திராட்சை, உலர்சலவை என்று பழகிய வாசகர், உலர் ஸ்டவுட் என்றால் பொட்டலத்தில் வரும் பொடி, தண்ணீர் கலந்து குடிக்க வேண்டும் போல என்றுதான் நினைப்பார். வறள் இன்னும் மோசம். குடித்தால் தொண்டை காயும் என்கிற மாதிரி இருக்கிறது.

சொல்லைத் தேடும் முன் வாயில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பில்ஸ்னர் என்னும் பியர் வகையில் இரண்டை அடுத்தடுத்து ஊற்றிக் குடித்தால் விஷயம் பிடிபடும். ஒன்று, செக் நாட்டின் பில்சென் நகரில் 1842இல் யோசெப் குரோல் வடித்த பியரின் நேர் வாரிசான பில்ஸ்னர் உர்க்வெல், ஆல்கஹால் 4.4%. மற்றது வட ஜெர்மனியின் யேவர், 4.9%. இரண்டும் பொன்னிறம், இரண்டிலும் ஹாப்ஸ் பூவின் கசப்பு தூக்கல். ஆனால் உர்க்வெல்லை விழுங்கிய பிறகு ரொட்டியின் மேலோட்டைக் கடித்தது போல ஓர் இனிப்பு நாக்கின் ஓரத்தில் தங்கிவிடுகிறது. கசப்பு அதன்மேல் சாய்ந்துகொள்கிறது. யேவரில் விழுங்கியதும் இனிப்பு போன இடம் தெரியாது. கசப்பு மட்டும் தனியாக நிற்கும், கை தானாக அடுத்த வாய்க்குப் போகும். எனக்கு யேவர் பக்கம்தான் சாய்வு. உர்க்வெல் பிரியர்கள் கோபிக்க வேண்டாம், ஒரு கோப்பைக்கு அதுவும் அருமைதான். இரண்டாவது கோப்பைக்குத்தான் எனக்கு யேவர் வேண்டும்.

இந்த ‘இனிப்பு தங்காமை’யைத்தான் ஆங்கிலத்தில் டிரை என்கிறார்கள். ஈரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பியரை நொதிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட், சர்க்கரையைத் தின்ற பிறகு எவ்வளவு மிஞ்சியது என்பதே கேள்வி. அதைப் பெருமளவு தீர்மானிப்பது மால்ட்டை (முளைவிட்டு உலர்த்திய தானியம்) வெந்நீரில் ஊறவைக்கும் சூடு. 62 முதல் 65 டிகிரிக்குள் வைத்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய மால்டோஸ் என்ற சர்க்கரை நிறையக் கிடைக்கும். 70 டிகிரியை ஒட்டிப் போனால் ஈஸ்ட்டால் தொட முடியாத டெக்ஸ்ட்ரின் மிஞ்சி, பியர் வாயில் கனமாக நிற்கும். அடர்த்தி அளக்கும் திரவமானியை மிதக்கவிட்டால் கணக்கு எளிது. தண்ணீர் 1.000 என்று வையுங்கள். சர்க்கரை கரைந்து 1.048 அடர்த்தியில் தொடங்கிய சாறு 1.008இல் வந்து நின்றால், 48இல் 40 பங்கு இறங்கியிருக்கிறது, அதாவது சுமார் 83%. அதே சாறு 1.016இலேயே நின்றுவிட்டால் 67% தான். முதலாவது டிரை, இரண்டாவதில் இனிப்பு தங்கும்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஜெர்மானியர் ஒயினுக்கு உலர்ந்தது என்ற பொருளில் ‘ட்ரோக்கன்’ என்கிறார்கள். பியரென்றால் கசப்புச் சுவையைச் சொல்லும் ‘ஹெர்ப்’ என்ற தனிச்சொல் கைவசம் இருக்கிறது. யேவரின் விளம்பரமே ‘ஃப்ரீஸிஷ் ஹெர்ப்’ தான். ஜப்பானியர் சாக்கே என்ற அரிசி மதுவுக்கு வைத்திருந்த ‘கராகுச்சி’யை பியருக்கும் எடுத்துக்கொண்டார்கள். கார வாய் என்று பொருள். 1987இல் அசாஹி நிறுவனம் சூப்பர் டிரை கொண்டுவந்தபோது முன்னால் நின்றது அந்தச் சொல்தான். ஆக, ஆளாளுக்கு நாக்கைக் கேட்டுச் சொல் வைத்திருக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் துணி உலர்த்த வேண்டும்?

நம்மிடமும் சரக்கு இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியில் அரிசிக் கள் வடிக்கும் இடம் நினைவிருக்கும். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆறவைத்து, நெல்முளை அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் ‘வழைச்சற விளைந்த’ பின் வடிக்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரு செய்முறைக் குறிப்பு. வழைச்சு என்றால் பச்சைத்தன்மை, இளமை. அது அறும்வரை விளைவது! நொதித்தல் என்று பள்ளிப் பாடத்தில் படித்ததை அங்கே ‘விளைதல்’ என்றே சொல்கிறார்கள்.

என் முன்மொழிவு: டிரை என்பதற்கு முற்றவிளைந்த. முற்றவிளைந்த ஸ்டவுட், முற்றவிளைந்த பில்ஸ்னர். ‘அறவிளைந்த’ என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அறநூல் படித்தவர்கள் அதில் வேறு விளைவு தேடுவார்கள். ‘முற்றுவிளை’ என்று சுருக்கலாம்தான், இந்தக் குழுவில் பாதிப் பேர் அதை முற்றுவினை என்று படித்துவிட்டு இலக்கணச் சண்டைக்கு வருவீர்கள்.

> ‘கடுஞ்சுவை’ என்று வைத்தால் என்ன? புறநானூற்றில் தேள்கடுப்பன்ன நாட்படு தேறல் இருக்கிறதே. கராகுச்சிக்கும் நெருக்கம்.

அழகான சொல், ஆனால் இடம் தப்பு. நம் ஊரில் கடுமை என்றால் போதையைத்தான் நினைப்பார்கள். கடையில் ‘ஸ்ட்ராங்’ என்று கேட்டு வாங்கும் 8% சரக்குக்கு வேண்டுமானால் அதைக் கொடுத்துவிடலாம். சூப்பர் டிரை வெறும் 5%. தேள் கொட்டாது.

அப்புறம், போர்ட்டர், ஸ்டவுட், லாம்பிக், செசோன் போன்ற வகைப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இட்லியை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. சுவைக்கும் செய்முறைக்கும் மட்டும் சொல் ஆக்குவோம்.

---

> முற்றவிளைந்த என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு ஐயம். எங்கள் இலங்கையின் லயன் ஸ்டவுட்டில் மதுசாரம் 8.8%. அப்படியென்றால் மதுவம் (ஈஸ்ட்) நிறையச் சீனியைத் தின்றிருக்க வேண்டும். ஆனாலும் குடித்தால் சொக்கலேட்டும் சீனிப்பாணியுமாக இனிக்கிறது. இது முற்றவிளைந்ததா, குறைவிளைந்ததா? ‘குறை’ என்று சொல்லவும் மனம் வரவில்லை, நல்ல பியர் அது.

நல்ல பியர் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. மழைநாளில் ஒரே ஒரு கோப்பை என்றால் யேவரை ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் எடுப்பேன்.

கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு தின்றது என்பது அல்ல, எவ்வளவு மிஞ்சியது என்பதே நாக்குக்குத் தெரிவது. அதிகச் சர்க்கரையோடு தொடங்கினால், மதுவம் நிறையத் தின்ற பிறகும் இலைநிறைய மிச்சம் இருக்கும். ஆகவே ஆல்கஹால் கூடியது எல்லாம் முற்றவிளைந்தது ஆகாது. அயர்லாந்தின் டிரை ஸ்டவுட்டான கின்னஸ் டிராட் 4.2% தான். கறுப்பைப் பார்த்துக் கனமென்று பயப்படுகிறார்கள். வறுத்த பார்லியின் காப்பி மணம் வந்து, பட்டென்று முடிந்துவிடும். இன்னொரு பக்கம், பெல்ஜியத்தின் வாலோனியாவில் வடிக்கும் செசோன் துப்போன் 6.5%, அதில் இனிப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த ஈஸ்ட் 30 டிகிரிச் சூட்டிலும் சளைக்காமல் தின்னும். எனக்கு இந்த உலகில் ஒரே ஒரு பியர் என்றால் அதுதான்.

குறைவிளைந்த என்பதை விட்டுவிடுவோம், நீங்கள் சொன்னது சரி. மில்க் ஸ்டவுட்டில் ஈஸ்ட் தின்ன முடியாத லாக்டோஸை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். அங்கே விளைச்சலில் குறை ஒன்றும் இல்லை. எஞ்சிய இனிப்பைச் சேர்த்து ‘எஞ்சினிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். ரயில் எஞ்சின்தான் தெரிந்தது. மீதியினிப்பு போதும். மீதியினிப்புள்ள ஸ்டவுட் என்றால் லயன் அதில் கௌரவமாக உட்கார்ந்துகொள்ளும்.

திரவமானிக் கணக்கில் வரும் அந்தச் சதவீதத்துக்கு ‘விளைமட்டம்’ என்று வைக்கிறேன். மட்டு என்பதும் கள்ளுக்குப் பழைய பெயர் என்பதால் கொஞ்சம் ஆசை; எதிர்ப்பு இருந்தால் ‘விளைவீதம்’ ஆக்கிவிடலாம்.

மறுப்பு இல்லாவிட்டால் கட்டுரையின் சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

முற்றவிளைந்த – ஈஸ்ட் சர்க்கரையைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டதால் விழுங்கிய பின் இனிப்பு தங்காத (பியர், ஒயின்). எதிர்: மீதியினிப்புள்ள.

ஒயினையும் சேர்த்தது சரியா என்று ஒயின் குடிப்பவர்கள் சொல்லுங்கள்.